நேர் மாறல், கூட்டு மாறல் கணக்குகள்: தடுமாறாமல் போட ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பெரியவர்கள் சிலர். வயது வேறு வேறாக இருந்தாலும் மாறல் கணக்கில், அதாவது ஓர் அளவு மாறினால் இன்னொன்று எப்படி மாறும் என்று கேட்கும் கணக்கில், எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான். கணக்கைப் பார்த்த உடனேயே எண்களைப் பெருக்கவோ வகுக்கவோ ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்த எண் எதோடு சேர வேண்டும் என்பதை எண் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு வரிசை. முதலில் வாக்கியத்தைச் சமன்பாடாக்க வேண்டும். அடுத்து மாறிலியை (மற்ற அளவுகள் மாறினாலும் மாறாமல் நிற்கும் எண்ணை) கண்டுபிடித்து, சமன்பாட்டை அந்த மாறிலியோடு மறுபடி எழுத வேண்டும். கேள்வியில் இருக்கும் எண்ணைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்த வரிசை மாறாதவரை, எவ்வளவு நீளமான கணக்காக இருந்தாலும் போட்டுவிடலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பின்னத்தைச் சுருக்கத் தெரிய வேண்டும். வர்க்கம், வர்க்கமூலம் தெரிய வேண்டும். 120 = க × 48 என்று இருந்தால் க எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். மாறல் புரியவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு உண்மையில் பின்னம்தான் புரிந்திருக்காது.

எழுத்துகளை அந்தந்தப் பொருளின் முதல் எழுத்தாக வைத்துக்கொள்கிறேன். வேலைக்கு வே, ஆட்களுக்கு ஆ, மணி நேரத்துக்கு ம. மாறிலிக்கு எப்போதும் க. அர்த்தமில்லாத எழுத்தை வைத்தால் நாலாவது வரியில் எது எது என்று மறந்துபோகிறது. இப்படி வைத்தால் சமன்பாட்டை வாய்விட்டு வாசிக்கும்போதே பொருள் தெரியும்.

1. எது எதைச் சார்ந்து மாறுகிறது என்று முதலில் எழுதுங்கள்

கணக்கில் வரும் அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, அலகோடு எழுதுங்கள். எண் வேண்டாம். "முந்திரி (கிலோ), ஆட்கள் (பேர்), நேரம் (மணி)" என்று எழுதினால் போதும். கேட்கப்படும் அளவைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

எண்ணை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், 8, 6, 120 என்று கண்ணில் பட்டதும் கை தானாக 8 × 6 என்று போட்டுவிடும். சில சமயம் அது சரியாகவே அமைந்துவிடும். அப்படித் தற்செயலாகச் சரியானதுதான் அடுத்த கணக்கில் கவிழ்க்கும்.

2. இது உண்மையிலேயே நேர் மாறலா என்று சோதியுங்கள்

"ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடும், அதுதான் நேர் மாறல்" என்று பல பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது போதாது. ஒன்று இரண்டு மடங்கானால் மற்றதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். ஒன்று சுழியமானால் மற்றதும் சுழியமாக வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால்தான் நேர் மாறல்.

ஆட்டோ கட்டணத்தைப் பாருங்கள். 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் கூடினால் கட்டணம் கூடுகிறது. ஆனால் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13.9 வருகிறது. 3.8 கி.மீ.க்கு 25 + 24 = 49 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 12.9. வகுத்தால் வரும் எண் ஒரே எண்ணாக நிற்கவில்லை. ஆகவே இது நேர் மாறல் இல்லை. இந்த மாதிரிக் கணக்கை எப்படிப் போடுவது என்று 10-ஆவது படியில் சொல்கிறேன்.

மீனுக்கு ஐஸ் போடுவது அப்படியில்லை, அது உண்மையான நேர் மாறல். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் பெட்டி கட்டும்போது பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மீன் 30 கிலோ என்றால் ஐஸ் 30, மீன் 60 என்றால் ஐஸ் 60, மீன் இல்லையென்றால் ஐஸ் வேண்டாம். இங்கே மாறிலி 1. மாறிலி 1 என்றால் "மாறிலியே இல்லை" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். இருக்கிறது. பெருக்கினாலும் தெரியாததால் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

3. வாக்கியத்தைச் சமன்பாடாக்குங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். கணக்கில் வரும் சொற்றொடர்கள் ஏழெட்டுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு.

"கட்டணம் தூரத்துக்கு நேர் மாறலில் உள்ளது" என்றால் கட் = க × தூ.

"நேரம் வேகத்துக்கு எதிர் மாறலில் உள்ளது" என்றால் நே = க ÷ வே. இங்கே வே என்பது வேகம். எதிர் மாறலில் ஒன்று இரண்டு மடங்கானால் மற்றது பாதியாகும்.

"பரப்பு ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர் மாறலில் உள்ளது" என்றால் ப = க × ஆர².

"ஆட்ட நேரம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் மாறலில் உள்ளது" என்றால் நே = க × √நீ.

"கன அளவு உயரத்துக்கும் ஆரத்தின் வர்க்கத்துக்கும் கூட்டாக நேர் மாறலில் உள்ளது" என்றால் கன = க × உ × ஆர².

கடைசி வாக்கியத்தில் "உம்" எங்கே வருகிறது என்று கவனியுங்கள். தமிழில் கூட்டு மாறல் கணக்கைப் படிக்க அந்த "உம்"தான் சாவி. "உயரத்துக்கும் ஆரத்தின் வர்க்கத்துக்கும்" என்று இரண்டு "உம்" இருந்தால் இரண்டு தனித்தனி அளவுகள் வருகின்றன, வர்க்கம் ஆரத்தோடு மட்டும் ஒட்டுகிறது. "உயரத்தின் வர்க்கத்துக்கும் ஆரத்தின் வர்க்கத்துக்கும்" என்று இருந்தால் வர்க்கம் இரண்டுக்கும் போகும். அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் என் மாணவர்களை ஒவ்வொரு "உம்"மையும் பென்சிலால் வட்டமிடச் சொல்கிறேன். எத்தனை வட்டமோ, க-வுக்குப் பக்கத்தில் அத்தனை பொருட்கள்.

இன்னொன்று. "நீளத்தைப் பொறுத்து மாறும்" என்று மட்டும் இருந்தால் நேரா எதிரா என்று தெரியாது. அந்த வாக்கியத்தை வைத்து எதையும் எழுதாதீர்கள். அடுத்த வரியைப் படியுங்கள்.

4. கூட்டு மாறலில் கூட்டல் கிடையாது

நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். "கூட்டு" என்ற சொல்லே பிள்ளைகளை ஏமாற்றிவிடுகிறது. கூட்டு மாறல் என்றதும் கூட்டல் குறியைப் போட்டுவிடுகிறார்கள். "கூட்டாக" என்றால் "சேர்ந்து" என்று அர்த்தம், கூட்டுப் பட்டா என்கிறோமே அந்தக் கூட்டு. கணக்கில் அந்தச் சேர்க்கை பெருக்கலாகத்தான் வரும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உடைக்கும் கொட்டையின் எடை, ஆட்களின் எண்ணிக்கைக்கும் வேலை செய்யும் நேரத்துக்கும் கூட்டாக நேர் மாறலில் இருக்கிறது. 8 பேர் 6 மணி நேரத்தில் 120 கிலோ உடைக்கிறார்கள். 12 பேர் 5 மணி நேரத்தில் எவ்வளவு உடைப்பார்கள்?

போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படிப் போட்டிருந்தாள்: வே = க × (ஆ + ம). 8 + 6 = 14, 120-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.57. பிறகு 12 + 5 = 17, அதை 8.57-ஆல் பெருக்கினால் 145.7. "மிஸ், 145.7 கிலோ" என்று நோட்டை நீட்டினாள். சரியான விடை 150. இரண்டும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். விடையை மட்டும் பார்த்தால், வகுக்கும்போது ஏதோ சின்னப் பிசகு என்றுதான் தோன்றும்.

நான் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "பட்டறைக்கு யாருமே வரல, ஆறு மணி நேரம் கதவு திறந்தே கிடக்குது. உன் சமன்பாட்டுல எத்தனை கிலோ உடையும்?" ஆ-வுக்குச் சுழியம் போட்டாள். 8.57 × 6, அதாவது 51 கிலோவுக்கு மேல். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலே கூட்டல் குறியை அடித்துப் பெருக்கல் குறி போட்டாள்.

பெருக்கல் ஏன் என்பதை இரண்டு எட்டில் பார்க்கலாம். நேரத்தை 6 மணியாகவே வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் 8-லிருந்து 12 ஆக்குங்கள். ஆட்கள் ஒன்றரை மடங்கு, ஆகவே எடையும் ஒன்றரை மடங்கு: 180 கிலோ. இப்போது ஆட்களை 12-ஆக வைத்துக்கொண்டு நேரத்தை 6-லிருந்து 5 ஆக்குங்கள். ஆறில் ஐந்து பங்கு: 150 கிலோ. ஒவ்வொரு மாற்றமும் அதற்கு முன் கிடைத்த எடையைப் பெருக்குகிறது. பெருக்கலின் மேல் பெருக்கல். ஆகவே வே = க × ஆ × ம.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கும். வே = க × ஆ என்று ஒன்று, வே = க × ம என்று இன்னொன்று என இரண்டு சமன்பாடு எழுதி, இரண்டிலும் ஒரே க என்று நினைத்துக்கொள்வார்கள். அவை இரண்டும் ஒரே க கிடையாது. முதலாவதில் நேரம் ஒளிந்திருக்கிறது, இரண்டாவதில் ஆட்கள். கூட்டு மாறலுக்கு ஒரே சமன்பாடு, ஒரே மாறிலி.

5. முழுத் தகவல் உள்ள வரியிலிருந்து மாறிலியை எடுங்கள்

ஒவ்வொரு கணக்கிலும் எல்லா அளவுகளும் கொடுக்கப்பட்ட வரி ஒன்று இருக்கும். அதன் கீழே கோடு போடுங்கள். மேலே சொன்ன கணக்கில் "8 பேர், 6 மணி, 120 கிலோ" என்பது அந்த வரி. "12 பேர், 5 மணி" என்பதில் எடை இல்லை, அது கேள்வி வரி. இரண்டையும் கலந்து, 120 கிலோவோடு 12 பேரைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு சரியாகப் போட்டாலும் பயனில்லை.

120 = க × 8 × 6, ஆகவே க = 120 ÷ 48 = 2.5.

இங்கே நிறுத்தி, இந்த 2.5 என்றால் என்ன என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் 2.5 கிலோ உடைக்கிறார்." மாறிலி வானத்திலிருந்து குதித்த எண் இல்லை என்பது இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அந்த வாக்கியம் அபத்தமாக வந்தால், ஒரு ஆள் ஒரு மணியில் 250 கிலோ உடைக்கிறார் என்பது மாதிரி வந்தால், தவறு அங்கேயே பிடிபடும்.

எதிர் மாறலிலும் அப்படித்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 0.6 மணி, அதாவது 36 நிமிடம். நே = க ÷ வே என்பதால் க = 40 × 0.6 = 24. அந்த 24 என்ன? சாலையின் நீளமேதான். 30 கி.மீ. வேகம் என்றால் 24 ÷ 30 = 0.8 மணி, 48 நிமிடம்.

நிமிடத்திலேயே போட்டால் க = 40 × 36 = 1440 என்று வரும். அதுவும் வேலை செய்யும். 1440 ÷ 30 = 48. ஆனால் 1440-ஐக் கண்டுபிடித்துவிட்டு, நேரத்தை மணியில் எடுத்தால் கவிழ்ந்துவிடும். மாறிலியை எடுத்த அலகிலேயே கடைசிவரை இருங்கள். பக்கத்தின் ஓரத்தில் "நேரம்: நிமிடம்" என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

6. மாறிலியைப் போட்டுச் சமன்பாட்டை மறுபடி எழுதுங்கள்

வே = 2.5 × ஆ × ம.

இந்த ஒரு வரியை எழுதப் பலருக்குச் சோம்பல். க கிடைத்ததும் நேராக 2.5 × 12 என்று போட்டுவிட்டு, 5-ஐ மறந்துவிடுவார்கள். முழுச் சமன்பாடும் கண் முன்னால் இருந்தால், எத்தனை இடம் நிரப்ப வேண்டும் என்பது தெரியும். வே = 2.5 × 12 × 5 = 150 கிலோ.

கேள்வி திரும்பியும் வரலாம்: 10 பேர் 200 கிலோ உடைக்க எத்தனை மணி? அப்போதும் இதே வரிதான். 200 = 2.5 × 10 × ம, ம = 8. "நேரம் கேட்டால் எதிர் மாறல்" என்று புதிதாக ஒரு விதியைத் தேடாதீர்கள். சமன்பாடு ஒன்றே, எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

7. வர்க்கம் வந்தால், எதற்கு வர்க்கம் என்று நின்று பாருங்கள்

வண்டியில் பிரேக் பிடித்ததிலிருந்து நிற்கும்வரை ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் மாறலில் இருக்கும். 40 கி.மீ. வேகத்தில் வரும் பைக் 8 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில்?

தூ = க × வே². 8 = க × 1600, க = 0.005. தூ = 0.005 × 3600 = 18 மீட்டர்.

வர்க்கத்தை மறந்தால் 12 மீட்டர் என்று வரும். இந்த ஒரு கணக்கில் மட்டும் நான் பிள்ளைகளை விடை கிடைத்ததும் எழுந்து போக விடுவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டப்போகிற வயது அவர்களுக்கு. 12-க்கும் 18-க்கும் நடுவில் இருக்கும் 6 மீட்டரை மாடியில் நடந்து அளந்து காட்டச் சொல்வேன். வேகம் 80 ஆனால் 32 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு.

தவறு வேறு விதமாகவும் வரும். 0.005 × 60 = 0.3, அப்புறம் அதை வர்க்கமாக்கி 0.09. வர்க்கக் குறி வேகத்தின் தலையில் மட்டும்தான் இருக்கிறது, மாறிலிக்கு அது போகாது. முதலில் வர்க்கம், பிறகு பெருக்கல்.

8. நேரும் எதிரும் சேர்ந்து வந்தால் மேல், கீழ் என்று பிரியுங்கள்

புதுச்சேரியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் மர விட்டங்களை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொன்றும் அகலத்தைவிட உயரம் அதிகமாக, குத்துவாக்கில் இருக்கும். படுக்கவைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். அதன் காரணம் இந்தச் சமன்பாட்டில் இருக்கிறது.

விட்டம் தாங்கும் பளு, அதன் அகலத்துக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் நேர் மாறலிலும், இரு தாங்கல்களுக்கு இடையிலான நீளத்துக்கு எதிர் மாறலிலும் இருக்கும். நேர் மாறலில் உள்ளவை பின்னத்தின் மேலே, எதிர் மாறலில் உள்ளவை கீழே:

பளு = க × அ × உ² ÷ நீ

5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 2 மீட்டர் நீளமுள்ள ஒரு விட்டம் 300 கிலோ தாங்குகிறது என்று வைப்போம். 300 = க × 5 × 100 ÷ 2 = க × 250. க = 1.2.

அதே மரத்தைப் படுக்கவைத்தால் அகலம் 10, உயரம் 5. பளு = 1.2 × 10 × 25 ÷ 2 = 150 கிலோ. மரத்தில் ஒரு துளி குறையவில்லை, பலம் பாதியாகிவிட்டது. குத்துவாக்கில் வைக்கும் தச்சருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும்.

இதே மரத்தில் அகலம் 6, உயரம் 12, நீளம் 3 மீட்டர் என்றால் 1.2 × 6 × 144 ÷ 3 = 345.6 கிலோ. இங்கே அகலமும் உயரமும் செ.மீ., நீளம் மீட்டர். கலந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மாறிலியை எடுக்கும்போதும் இப்படித்தான் கலந்திருந்தது, ஆகவே பாதகமில்லை. இரண்டாவது முறை நீளத்தை 300 செ.மீ. என்று மாற்றினால்தான் பாதகம்.

ஆள், நாள், மணி கணக்குகளும் இதே வகைதான். போட்டித் தேர்வில் அடிக்கடி வருவது இது. 15 பேர் தினம் 8 மணி நேரம் வேலை செய்து 6 நாளில் 36 மீட்டர் வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள். 10 பேர் தினம் 6 மணி நேரம் வேலை செய்தால் 45 மீட்டருக்கு எத்தனை நாள்?

நாட்களுக்கு எது நேர், எது எதிர் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், மற்றவை அப்படியே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு. நீளம் கூடினால் நாள் கூடும், மேலே. ஆள் கூடினால் நாள் குறையும், கீழே. மணி கூடினால் நாள் குறையும், கீழே. நா = க × நீ ÷ (ஆ × ம). க = 6 × 15 × 8 ÷ 36 = 20. ஒரு மீட்டருக்கு ஒரு ஆளின் 20 மணி நேர உழைப்பு என்று பொருள். நா = 20 × 45 ÷ (10 × 6) = 15 நாள்.

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். 900 ÷ 10 × 6 என்று எழுதிவிட்டு 540 நாள் என்று விடை கொண்டுவருபவர்கள் உண்டு. கீழே இருக்க வேண்டிய 6 மேலே ஏறிவிட்டது.

9. மடங்கு மட்டும் கேட்டால் மாறிலி தேவையில்லை

"ஆரம் ஒன்றரை மடங்கு, உயரம் மூன்றில் இரண்டு பங்கு ஆனால் கன அளவு எத்தனை மடங்கு?" என்பது மாதிரிக் கேள்விக்கு க-வைத் தேடி அலைய வேண்டாம். மரக்காணம் உப்பளத்தில் குவித்திருக்கும் உப்பைக் கூம்பு என்று கொண்டால், அதன் கன அளவு உயரத்துக்கும் ஆரத்தின் வர்க்கத்துக்கும் கூட்டாக நேர் மாறலில் இருக்கும். மடங்குகளை மட்டும் சமன்பாட்டில் போடுங்கள்: 1.5 × 1.5 × ⅔ = 1.5. ஒன்றரை மடங்கு உப்பு. கூம்பின் மாறிலி பை-யில் மூன்றில் ஒரு பங்கு என்பது தெரியாதவரும் இதைப் போடலாம், ஏனென்றால் முன்னும் பின்னும் அதே க, அடிபட்டுப் போகிறது.

தண்ணீர்த் தொட்டிக் கணக்கில் ஆரத்துக்குப் பதில் விட்டம் கொடுத்திருந்தாலும் பாதி செய்ய வேண்டியதில்லை. விட்டம் 1 மீட்டர், உயரம் 1.4 மீட்டர் உள்ள உருளைத் தொட்டி 1100 லிட்டர் கொள்ளும். விட்டம் 1.2, உயரம் 0.7 ஆனால் 1100 × 1.44 × 0.5 = 792 லிட்டர். ஆரத்துக்குப் பதில் விட்டத்தை எடுத்ததால் வரும் வித்தியாசத்தை மாறிலி விழுங்கிக்கொள்ளும். ஒரு தொட்டிக்கு ஆரம், இன்னொன்றுக்கு விட்டம் என்று மாற்றி எடுக்காமல் இருந்தால் சரி.

சதவீதக் கேள்விக்கும் இதே வழி. ஆட்கள் 20 சதவீதம் கூடி, நேரம் 20 சதவீதம் குறைந்தால் வேலை மாறாது என்று பாதிப் பேர் சொல்வார்கள். 1.2 × 0.8 = 0.96. வேலை 4 சதவீதம் குறையும்.

10. ஒரு பகுதி நிலையானது என்றால் இரண்டு தகவல் வேண்டும்

ஆட்டோ கணக்கை விட்டுவைத்தோமே, அது இந்த வகை. அடிப்படைத் தொகை ஒன்று மாறாமல் நிற்கும், மீதிதான் நேர் மாறலில் இருக்கும். வடிவம்: தொகை = நி + க × எண்ணிக்கை. தெரியாதவை இரண்டு, ஆகவே முழுத் தகவல் வரிகளும் இரண்டு வேண்டும்.

கல்யாணச் சமையல்காரர் 100 பேருக்கு 23,000 ரூபாய், 150 பேருக்கு 32,000 ரூபாய் கேட்கிறார். வித்தியாசம் 50 பேருக்கு 9,000. ஒருவருக்கு 180, அதுதான் க. 100 பேருக்கு 18,000 போக மீதி 5,000, அதுதான் நி: பாத்திர வாடகை, வண்டிக் கூலி. 200 பேருக்கு 5,000 + 36,000 = 41,000. வெறும் நேர் மாறல் என்று போட்டிருந்தால் 46,000 கொடுத்திருப்போம்.

11. விடையை எழுதும் முன் இரண்டு சோதனை

முதலாவது, திசை. கூட வேண்டியது கூடியிருக்கிறதா? பல அளவுகள் சேர்ந்து மாறும்போது திசை சட்டென்று தெரியாது. அப்போது 4-ஆவது படியில் செய்ததுபோல ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, பழைய வரியைத் திரும்பப் போடுவது. மாறிலியோடு எழுதிய சமன்பாட்டில் முழுத் தகவல் வரியின் எண்களைப் போட்டால் அதே விடை வர வேண்டும். 2.5 × 8 × 6 = 120, சரி. பத்து விநாடி வேலை. தேர்வறையில் இதைச் செய்பவர்கள் குறைவு.

12. நீங்களே போட்டுப் பார்க்க மூன்று

ஒன்று. 6 தையல்காரர்கள் 8 மணி நேரத்தில் 96 பைகள் தைக்கிறார்கள். 9 பேர் 5 மணி நேரத்தில் எத்தனை? மாறிலி 2, விடை 90. 1.5 × 5 என்று எங்கேயாவது எழுதியிருந்தால் மடங்கையும் எண்ணையும் கலந்துவிட்டீர்கள்.

இரண்டு. விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் மாறலில் இருக்கும். 2 மீட்டர் தூரத்தில் 90 அலகு என்றால் 3 மீட்டரில்? மாறிலி 360, விடை 40. 60 என்று வந்திருந்தால் வர்க்கம் விடுபட்டிருக்கிறது.

மூன்று. ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், கயிற்று நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் மாறலில் இருக்கும். 2.25 மீட்டர் கயிற்றுக்கு 3 விநாடி. 4 மீட்டருக்கு? √2.25 = 1.5, மாறிலி 2, விடை 4 விநாடி. இதைக் கயிற்றில் கல்லைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டே சரிபார்க்கலாம். கிளையிலிருந்து கல்லின் நடுப்பகுதிவரை 2.25 மீட்டர் அளந்து, லேசாக ஆட்டிவிட்டு, பத்து ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். வேகமாகத் தள்ளினால் நேரம் கொஞ்சம் கூடிவிடும், அதனால் மெதுவாகவே விடுங்கள். கடிகாரத்தில் 30 விநாடிக்குப் பக்கத்தில் வரும்.